இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் கேட்டது

“பார்த்தீங்களா, கேட்டீங்களா?”

இந்த ஒரு கேள்வியால்தான் எங்கள் ஆபீசில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் பிடிக்கவில்லை. கணக்கு எழுதும் அக்கா டப்பாவைத் திறந்துகொண்டே, “பல்லாவரத்துல டிரெயின் நின்னுடுச்சாம், ஒரே கூட்டமாம்” என்பார். இவள் சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமல் கேட்பாள்.

“பார்த்தீங்களாக்கா, கேட்டீங்களா?”

“எங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரும்மா.”

“அவர் பார்த்தாராமா, கேட்டாராமா?”

அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார். ஏன் போனார் என்று இவளுக்குப் புரியாது. கிண்டல் பண்ண அவளுக்குத் தெரியாது. டிரெயின் நின்றது உண்மையா என்று தெரிந்தால் சாயங்காலம் பஸ்ஸில் போகலாம், அவ்வளவுதான் அவள் எண்ணம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவருக்கு அப்படி இருக்காது. நீ பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருக்கும்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இன்றைக்கு நல்லபடியாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக அன்றைக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். கீழே கடையும் மேலே கம்பெனியும் ஒரே முதலாளிக்கு. அவர் அப்பா காலத்தில் முடிச்சூர் பக்கம் நெல் போட்ட குடும்பம். நிலம் மனையானது, மனை கட்டடமானது, கட்டடத்தின் ஒரு மாடியில் நாங்கள் எலெக்ட்ரானிக் போர்டு செய்தோம். மறைமலை நகர் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் பட்டறைகளில் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின்கள் இருக்கும். அந்த மெஷின் ஒவ்வொன்றின் பக்கவாட்டுப் பெட்டியிலும் உள்ளங்கை அகலத்துக்கு எங்கள் போர்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் சின்னதாக லினக்ஸ் மென்பொருள் ஓடும். மெஷினில் என்ன நடந்தாலும் அது ஒரு வரி எழுதும். கதவு திறந்தது. கதவு மூடியது. நிறுத்து பட்டன் அழுத்தப்பட்டது. அந்த வரிகள் கேபிள் வழியாக சூப்பர்வைசர் ரூமில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். லாக் என்று சொல்வோம். போர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு லாக் அனுப்பும் புரோகிராமை எழுதியவன் நான். அதைப் பட்டறை பட்டறையாகப் போய் மாட்டிவிட்டு வருகிறவள் அவள்.

பொழிச்சலூரிலிருந்து வருவாள். மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய ஆம்பளை வாட்ச். தோளில் ஒரு பை, அதில் லேப்டாப், இரண்டு மூன்று கேபிள், ஒரு நீள நோட்டு. அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பாள், வெளியே ஏதாவது சத்தம் வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். சத்தம் அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வாள். தலைக்கு மேல் பிளேன் இறங்குகிற ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தானாம். எங்கள் ஆபீசுக்குக் கீழே கடையில் கம்பி வெட்டுகிற ஒவ்வொரு முறையும் இவள் வாய் திறந்தபடி நிற்பாள். நாங்களும் நிற்க வேண்டும். எரிச்சலாக வரும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருப்பாள். கோட்டுக்கு இடது பக்கம் அவள் தன் கண்ணால் பார்த்தது. வலது பக்கம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. இரண்டுக்கும் பக்கத்தில் வாட்ச் பார்த்து நேரம். பட்டறையில் ஒருவன் “கேபிள் நல்லாத்தான் மேடம் இருக்கு” என்றால் அது வலது பக்கம் போகும். அவளே ஏணி போட்டு ஏறி, கேபிளை முழுநீளமும் கையால் தடவிப் பார்த்து இறங்கிய பிறகுதான் இடது பக்கம் வரும். ஒருநாள் முதலாளி அந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, டீ சூடா கீதுன்னு பையன் சொன்னாக்கூட வலது பக்கமா?”

“ஆமா சார்.”

“குடிச்சுப் பார்த்தா?”

“இடது பக்கம் சார்.”

ஆபீஸே சிரித்தது. அவள் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம். யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனாலும் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. நான் குடிக்கிறேன், அடிக்கிறேன், வேறொருத்தி இருக்கிறாள். ஆளுக்கொன்று. ஒருநாள் படியேறி வருகிறேன், உள்ளே கணக்கு அக்கா அவளிடம் கேட்கிறார்.

“நீதான அவர்கூட சைட்டுக்கெல்லாம் போற. இன்னாதான்டி விஷயம்?”

“நான் எதுவும் பார்க்கலக்கா.”

“ஊரே சொல்லுதே.”

“ஊரு பார்த்துச்சாக்கா?”

நான் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இருமிக்கொண்டு உள்ளே போனேன். அன்று ஒரு நாள்தான் அந்தக் கேள்வி என் பக்கம் நின்றது. மனைவி திரும்பி வந்த பிறகும் அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்ததற்கு இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது.

இனி என் தவறு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் போர்டில் கடிகாரத்துக்கான பேட்டரி கிடையாது. வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அதனால் கரண்ட் போய் வந்தால் போர்டுக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. லினக்ஸ் தன் வழக்கப்படி 1970 ஜனவரி ஒன்று என்று ஆரம்பிக்கும். கஸ்டமர்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். “என்னங்க உங்க மெஷின், எங்க அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி தேதி காட்டுது” என்றான் ஒருவன். நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். போர்டு சொல்கிற நேரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வரி கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கிற நேரத்தையே நேரமாகப் போட்டுவிட்டேன். தேதி சரியாக வந்தது. கஸ்டமர்கள் வாயை மூடினார்கள்.

அதற்கும் முன்பே இன்னொரு வேலை செய்திருந்தேன். எல்லா வரியும் உடனுக்குடன் போனால் கம்ப்யூட்டர் திரை நிரம்பி வழிகிறது என்று, அவசர வரிகளை மட்டும் உடனே அனுப்பி, சாதாரண வரிகளை அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கட்டி அனுப்ப வைத்தேன். கதவு திறப்பதும், கதவு திறந்திருக்கும்போது பிரஸ் இறங்குவதும் அவசரம். நிறுத்து பட்டனை அழுத்துவது ஒரு ஷிப்டில் நூறு முறை நடக்கும், ஆகவே சாதாரணம். இரண்டும் தனித்தனியாக நல்ல யோசனைதான். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

அவள் யோசித்தாள். புதுப் புரோகிராமைப் போட்டுக் காட்டிய அன்றே கேட்டாள்.

“அண்ணா, இது கம்ப்யூட்டர் கேட்ட நேரம்தானே. போர்டு பார்த்த நேரம் எங்க?”

“அரை நிமிஷ வித்தியாசம்மா. எவன் பார்க்கப் போறான்?”

“முன்னாடி நடந்தது பின்னாடி வந்துச்சுன்னா?”

“உன் நோட்டுப் புத்தகத்தக் கொண்டாந்து என் புரோகிராம்ல எறக்காத. போய் வேலையப் பாரு.”

கத்தித்தான் சொன்னேன். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கீழே கம்பி வெட்டும் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு, “சரிண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை மறைமலை நகர் பட்டறை ஒன்றில் செல்வம் என்கிற ஆபரேட்டரின் வலது கையில் இரண்டு விரல் போனது.

செல்வம் ஒப்பந்தத் தொழிலாளி. சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டிருக்கிறான், பிரஸ் இறங்கிவிட்டது. மெஷினை நிறுத்தாமல் கதவைத் திறந்தான் என்றால் அவன்மேல் தப்பு, வேலை போகும், பட்டறை எதற்கும் பொறுப்பில்லை. நிறுத்திவிட்டுத் திறந்தும் இறங்கியது என்றால் மெஷின்மேல் தப்பு. “நிறுத்திட்டுத்தான் சார் தொறந்தேன்” என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னான். பட்டறைக்காரர்கள் சூப்பர்வைசர் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து லாக் எடுத்தார்கள்.

10:42:07 கதவு திறந்தது.
10:42:08 பிரஸ் இறங்கியது.
10:42:31 நிறுத்து பட்டன்.

அடிபட்ட பிறகுதான் நிறுத்தியிருக்கிறான். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி என்ன பேச்சு.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை முதலாளி என் மேஜையில் போட்டார். “பெரிய பார்ட்டிப்பா. லாக் சரியா கீதுன்னு ஒரு லெட்டர் கேக்கறான். கையெழுத்து போட்டுக் குடுத்துடு.”

அந்த 31-ஐப் பார்த்தேன். தெரியவில்லை என்று சொன்னால் நான் மனுஷனில்லை. தெரிந்தது. மூட்டை வந்து சேர்ந்த நேரம் அது. ஆனால் அதைச் சொன்னால், நாற்பது மெஷினில் மாட்டியிருக்கிற என் புரோகிராம் ஐந்து மாதமாகத் தப்பு நேரம் காட்டுகிறது என்று நானே சொன்ன மாதிரி. மனைவி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலையையும் விட்டுவிட்டு அவள் முன்னால் போய் நிற்க முடியாது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அவள் சைட்டிலிருந்து வந்தாள். தாள் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. அந்த வாரம் முழுவதற்குமான லாக், பன்னிரண்டு பக்கம். நின்றபடியே புரட்டினாள். பேனாவால் எதையோ வட்டம் போட்டுக்கொண்டே போனாள்.

“அண்ணா, ஒரு வாரமா நிறுத்து பட்டன் விநாடி எல்லாமே ஒன்னுலயும் முப்பத்தொன்னுலயும் மட்டும்தான் இருக்கு. பதினஞ்சுல இல்ல, நாப்பதுல இல்ல. ஒரு மனுஷன் எப்படிண்ணா அப்படி அழுத்துவான்?”

“வேற வேலை இல்லையா உனக்கு?”

“செல்வம் நிறுத்தினேன்னு சொல்றாரு. அவரு அங்க நின்னு பார்த்தவரு. உங்க கம்ப்யூட்டரு கேட்டதுதான?”

“லெட்டர் போயிடுச்சு. விடு.”

அவள் தாளை ஒழுங்காக அடுக்கி வைத்தாள். லெட்டரில் யார் கையெழுத்து என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போர்டுக்குத் தேதிதான் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். கரண்ட் வந்த நொடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியோடும் அந்த எண்ணையும் சேர்த்துத் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கும். ஆனால் அந்தப் பிரதி இருப்பது தற்காலிக நினைவகத்தில். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். அந்தப் பட்டறையில் சனிக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை நிறுத்தி, நாலு மணி வரை மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். விபத்து நடந்த மெஷினை யாரும் தொடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். மெயின் சுவிட்சுக்குக் கயிறு கட்டவில்லை. போர்டுக்குள் போக பாஸ்வேர்டு வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரையும் நம்பாதவன் நான், அதனால் யாரிடமும் சொல்லி வைத்ததில்லை.

சனிக்கிழமை மதியம் ஒன்று ஆறுக்கு என் போன் அடித்தது.

“அண்ணா, மறைமலை நகர்ல இருக்கேன். செல்வம் மெஷின் பக்கத்துல. போர்டுல லைட்டு எரியுது. பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“உன்ன யாரு அங்க போகச் சொன்னா?”

“யாரும் சொல்லலண்ணா. ரெண்டு மணிக்கு மெயி...”

பின்னால் வேறு ஷெட்டில் பிரஸ் அடித்தது. அவள் நின்றாள். நானும் காதில் போனை வைத்தபடி நின்றேன். தொம், தொம் என்று நாலு அடி.

“...ன நிறுத்திடுவாங்க.”

“பார்த்துட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டேன்.

பார்க்க ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டு என் மகளின் பெயர், பின்னால் மூன்று எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் ஐம்பது நிமிஷம் இப்படியே உட்கார்ந்தால் போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், ஒரு காகிதத்தையும் கிழிக்க வேண்டாம். பட்டறைக்காரனே வந்து சுவிட்சை இறக்கிவிடுவான். போர்டு மறந்துவிடும். என் லெட்டர் மட்டும் இருக்கும்.

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. கணக்கு அக்கா, “யாருங்க அது, எடுங்களேன்” என்றார். “கடன் வேணுமான்னு கேக்கறவன்” என்றேன். நாலாவது முறைக்குப் பிறகு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. திறந்து பார்த்தேன்.

“அண்ணா சிக்னல் இல்லையா? மணி 1:24. நான் இங்கயே இருக்கேன்.”

திறந்திருக்கக் கூடாது. நான் படித்துவிட்டேன் என்பதற்கு அந்தப் பக்கம் இரண்டு நீல டிக் போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒன்பது நிமிஷம் அந்தப் போன் சும்மாவே கிடந்தது. செல்வத்தைப் பற்றி நினைத்தேனா, பயந்தேனா, படியில் நின்று கேட்ட பேச்சு நினைவுக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அழகாக இருக்கும். ஒன்று முப்பத்து மூன்றுக்கு மகள் பெயரையும் மூன்று எண்ணையும் தட்டி அனுப்பினேன். முதல் தடவை தப்பாக அடித்து, அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

அடுத்து அங்கே நடந்தது நான் பார்க்காதது. பட்டறை சூப்பர்வைசர் பிறகு சொன்னார். ஒன்றே முக்காலுக்கு எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டாராம். இவள் மெஷின் பெட்டிக்கு முன்னால் கீழே தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாளாம்.

“மேடம் எழுந்திருங்க, மெயின் எறக்கணும்.”

“ரெண்டு மணிக்குத்தானேண்ணா?”

“சாப்பாட்டுக்குப் போகணும் மேடம். முன்னாடியே முடிச்சுட்டா நல்லது.”

“என் வாட்ச்ல ஒன்னு நாப்பத்தாறு. செவுத்து நோட்டீஸ்ல எழுதியிருக்கறது ரெண்டு மணி. நீங்களே எழுதினதாண்ணா?”

எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். இவள் முதலில் ஃபைலைக் காப்பி பண்ணவில்லை. அந்த மூன்று வரியைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னாளாம்.

412603 நிறுத்து பட்டன்.
412607 கதவு திறந்தது.
412608 பிரஸ் இறங்கியது.

நாலு விநாடி முன்னால் நிறுத்தியிருக்கிறான். நிறுத்தி, நின்றதைப் பார்த்து, அதன் பிறகு கதவைத் திறந்திருக்கிறான். மெஷின் தானாக இறங்கியிருக்கிறது. “பார்த்தீங்களா சார்?” என்று கேட்டாளாம். “பார்த்தேம்மா” என்றாராம். நோட்டில் இடது பக்கம் அந்த மூன்று வரியையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் காப்பி பண்ணியிருக்கிறாள். முடியும்போது ஒன்று ஐம்பத்தேழு. இரண்டு மணிக்குச் சுவிட்ச் இறங்கியது, போர்டில் பச்சை லைட் அணைந்தது. பாஸ்வேர்டு இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். அவருக்கு எதுவும் தெரியாது.

இதற்குப் பிறகு அவள் எங்களோடு நாலு மாதம்தான் இருந்தாள். அனுமதி இல்லாமல் மெஷினைத் தொட்டாள் என்று அந்தப் பட்டறை அவளை இனி உள்ளே விட மாட்டோம் என்றது, முதலாளியும் ஆமாம் என்றார். சைட்டுக்குப் போக முடியாதவளுக்கு இங்கே என்ன வேலை. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்று ஒருவன் சொன்னான், வெளிநாடு போய்விட்டாள் என்று இன்னொருவன். எல்லாம் கேட்டதுதான். என் புரோகிராமை நான் விபத்துக்கு அடுத்த வாரமே திருத்தினேன். இப்போது திரையில் இரண்டு நேரம் வரும், நடந்தது ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று. எதற்கு இரண்டு என்று கஸ்டமர் கேட்டால் வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

சொல்ல மிச்சம் இருப்பது, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமை நடந்த விசாரணை. அதை நான் பார்த்தேன்.

பட்டறையின் மாடியில் ஒரு நீள மேஜை. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, சூப்பர்வைசர், எங்கள் முதலாளி, நான், அவள். கடைசி நாற்காலியில் செல்வம், கட்டுப் போட்ட கையைத் தட்டு மாதிரி மேஜைமேல் வைத்துக்கொண்டு. அவள் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். போர்டு எண்ணிய விநாடிகள், கம்ப்யூட்டருக்கு வந்த நேரங்கள், பக்கத்தில் பக்கத்தில். சூப்பர்வைசர், “நானே படிச்சேன் சார்” என்றார். மேனேஜர் ரொம்ப நேரம் தாளைப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பார்த்து, “நீ நிறுத்தித்தான் இருக்கே” என்றார்.

“அதைத்தான சார் நாலு நாளா சொல்றேன்” என்றான் செல்வம். குரல் உயரவே இல்லை.

பாதுகாப்பு அதிகாரி என் லெட்டரை எடுத்தார். “அப்போ இது?” என்றார். முதலாளி முந்திக்கொண்டு, “சாப்ட்வேர்ல ஒரு சின்ன பேஜார் சார், சரி பண்ணிடறோம்” என்றார். லெட்டரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். என் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

மேனேஜர் அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் எதையும் விடுகிறவள் இல்லை. போர்டு முன்னால் உட்கார்ந்த நேரம், மெயின் நிறுத்திய நேரம், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். மேனேஜர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“பாஸ்வேர்டு கேட்டது 1:06. வந்தது 1:33. ஏம்மா இருபத்தேழு நிமிஷம்? ரெண்டு மணிக்கு கரண்ட் போகுதுன்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன் சார்.”

“அப்புறம் ஏன் லேட்டு?”

“நான் இங்க இருந்தேன் சார். அங்க என்ன நடந்துச்சுன்னு நான் பார்க்கல.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணன்தான் சொல்லணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வமும் பார்த்தான். அவன் கட்டிலிருந்து மருந்து வாடை வந்துகொண்டிருந்தது. கீழே ஷெட்டில் ஒரு பிரஸ் அடிக்க ஆரம்பித்தது. அவள் வழக்கம்போலச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் காத்திருப்பதைப் பார்த்து மேஜையே காத்திருந்தது. யோசிக்க எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சத்தம் நின்றது.

“சிக்னல் இல்ல” என்றேன்.

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வாட்ச்சைப் பார்த்து நேரம் எழுதினாள். ‘சிக்னல் இல்லை’ என்று நான் சொன்னதை அப்படியே எழுதினாள். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. கோடு மட்டும் நேராகத் தெரிந்தது.

வலது பக்கம் எழுதியிருந்தாள்.